சயனைட் மேட்டில் காற்றை அளந்தவர்கள்

வியாழக்கிழமை, காலை 10.50. நாகர்கோவில் சந்திப்பு.

கன்னியாகுமரியிலிருந்து பெங்களூர் போகும் ரயில் பத்து நிமிடம் தாமதமாக வந்தது. பங்காருப்பேட்டை வரை இரண்டாம் வகுப்புப் படுக்கை. கையில் ஒரு துணிப்பை, ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய முறுக்கு. பையின் உள்ளறையில் நான்காக மடித்த ஒரு கடிதம். 2001ஆம் ஆண்டு, ஆடி பிறந்து மூன்றாம் நாள். பிளாட்பாரத்திலேயே சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஆடிக் காற்றுக்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

தோவாளையில் குடியிருக்கிறேன். பணகுடியில் ஒரு பள்ளியில் பூகோள ஆசிரியை. இரண்டு ஊருக்கும் நடுவில் மலை விலகி வழி விடுகிற இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே பனையும் உடைமரமும்தான். ஆடு மேய்ப்பவர்கள்கூடக் காற்றுக்கு முதுகைக் காட்டியே நடப்பார்கள். பிறகு முப்பந்தலில் ஒன்றிரண்டு காற்றாலைகள் வந்தன. வரிச் சலுகைக்காக மில் முதலாளிகள் வாங்கி நிறுத்துகிறார்கள் என்று பேசிக்கொண்டோம். சில வருடங்களுக்குள் எண்ண முடியாமல் போயிற்று. விற்கவே முடியாது என்று கிடந்த நிலத்தைத் தேடி வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். ‘காற்றின் ஆற்றல்’ பாடத்தை நடத்த எனக்குப் படம் தேவைப்படவில்லை. சன்னலைத் திறந்து காட்டினால் போதும். என் ஒரே மகன் சுயம்பு டிப்ளமோ முடித்து அந்தக் காற்றாலை வேலைக்கே போனபோது பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் மாதம் ஒரு காலை. நான் தினமும் போகும் பஸ் முப்பந்தலில் வேகம் குறைந்தது. ஒரு காற்றாலையின் உச்சியிலிருந்து ஓர் ஆள் இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் எல்லோரும் சன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நானும் சாய்ந்தேன். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ என்றாள் பக்கத்தில் இருந்த பூக்காரி. ஆமாம் என்றேன். பஸ் போய்விட்டது. மூன்றாவது பீரியடில் தலைமையாசிரியர் வகுப்பு வாசலுக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டார்.

தொங்கியவன் சுயம்பு. பட்டை தாங்கிவிட்டது. வலது தோள் மூட்டு மட்டும் விலகியிருந்தது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். ஜூனில் கம்பெனி அவனைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பியது. சுரங்கம் மூடிவிட்ட ஊர், அங்கே காற்றை அளந்து பார்க்கிறார்கள், எல்லாம் பேப்பர் வேலை என்று போனில் சொன்னான். பேப்பர் வேலை என்பதை இரண்டு தடவை சொன்னான். அதுதான் எனக்கு உறுத்தியது.

பையில் இருந்த கடிதம் எங்கள் பள்ளி நிர்வாகம் கொடுத்தது. பரிசோதனைக்கூட உதவியாளர் வேலை காலியாக இருந்தது. சுயம்பு மாதக் கடைசிக்குள் வந்து சேரலாம். அவனை அழைத்து வருவதற்காகவே புறப்பட்டேன். அவனுடைய அப்பா உடன் வர மறுத்துவிட்டார். “நீ போனா அவனக் கூட்டிட்டு வருவ. நான் போனா அவன்கூட அங்கயே நின்னுருவேன்” என்றார்.

மாலையில் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தபோது காற்று சன்னல் ஷட்டரைத் தட்டிக்கொண்டே வந்தது. படுத்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை, காலை 5.30. பங்காருப்பேட்டை.

ஜூலையில் இவ்வளவு குளிரை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு, நான்கு ரூபாய்க்கு மாரிக்குப்பம் டிக்கெட் எடுத்தேன். தங்கவயலுக்கென்றே போட்ட கிளைப் பாதை அது. சுமார் பதினாறு கிலோமீட்டர். எதிர் பிளாட்பாரத்தில், தங்கவயலிலிருந்து பெங்களூர் போகும் ரயில் வந்து நின்றது. படியில் கால் வைக்க இடமில்லை. எல்லோர் கையிலும் டிபன் டப்பா. நான் ஏறிய வண்டியில் என் பெட்டியில் ஆறு பேர் இருந்தோம். விடியலில் ஊரே வெளியே போகிறது, நான் மட்டும் உள்ளே போகிறேன் என்று பட்டது.

எதிரில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர். பெங்களூரில் ஏதோ குடோனில் ராத்திரிக் காவல் முடித்துத் திரும்புகிறவர். அப்பா சுரங்கத்தில் இருந்தாராம், இவரும் இருந்தாராம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஸ்கெலட்டன் குடியிருப்பில் மகன் இருக்கிறான், காற்று அளக்கிற வேலை என்றேன்.

“மைசூர் மைன்ஸ் மேட்டாண்ட கம்பம் நட்டுகீறாங்களே, அந்தத் தம்பியா? பாத்துகீறேம்மா. சும்மா கொரங்கு மாதிரி ஏர்றாரு. எங்க சனமே கீழ நின்னு வேடிக்க பாக்குது.”

ஏறுகிறானா என்று கேட்டேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். காற்றாடி வந்தால் வேலை கிடைக்குமாமே, எத்தனை பேருக்கு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வழியில் ஊர்காம் ஸ்டேஷனில் இறங்கும்போது, மகனிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

மாரிக்குப்பத்தில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. சுயம்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. வலது கையால் என் பையை வாங்கினான். அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஸ்கெலட்டனுக்கு இருபது ரூபாய். ஏறுகிறாயா என்று கேட்டிருந்தால் ஆட்டோவிலேயே கத்தியிருப்பேன்.

ஸ்கெலட்டன் என்பது சுரங்கக்காரர்களின் குடியிருப்பு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு கதை கிடைத்தது. ஒரே அளவாக முதுகோடு முதுகு ஒட்டிய லைன் வீடுகள். முன்பக்கம் குனிந்து நுழைய வேண்டும். சுயம்பு வாடகைக்கு இருந்தது ஏழுமலை என்பவரின் வீட்டு முன்னறையில். ஏழுமலைக்கு ஐம்பத்து நான்கு வயது. பாட்டன் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். இருபத்தெட்டு வருடம் சுரங்க வேலை. கடைசிப் பத்து வருடம் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலில் நின்று, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிற ஆட்களை எண்ணி இறக்கி, எண்ணி ஏற்றினார். சில மாதங்களுக்கு முன் சுரங்கம் மூடியது. இப்போது சுயம்பு காற்றை அளக்கிற கம்பத்துக்குக் காவல்.

அவர் மனைவி ராணியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வாங்க டீச்சரம்மா. இன்னா இப்டி எளச்சிகீறீங்க? புள்ள உங்களப் பத்திப் பேசாத நாளில்ல. குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

கேழ்வரகுக் களியும் பக்கத்து ஊர்ப் பூதிகோட்டைத் தக்காளியில் வைத்த குழம்பும் போட்டார். சாப்பிடும்போது மின்சாரம் போயிற்று. யாரும் தலை நிமிரவில்லை. நூறு வருடத்துக்கு முன்பே, காவிரி விழுகிற சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள் என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆசியாவிலேயே முன்னோடி முயற்சிகளில் ஒன்று. பாடத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, மாலை 4 மணி. மேடு.

தங்கக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணை நூறு வருடமாகக் கொட்டிக் கொட்டி, ஊரைச் சுற்றி மலைகளே உண்டாகியிருக்கின்றன. சயனைட் மேடு என்கிறார்கள். மைசூர் மைன்ஸ் பக்கத்து மேடு பத்து மாடிக் கட்டடம் அளவு இருக்கும். புல் முளைக்காது. மேல் தோல் காய்ந்து வெடித்திருக்கிறது. மிதித்தால் உடைந்து, உள்ளே முகப்பவுடர் போன்ற மண். காற்று வீசும்போது அது எழுந்து ஊருக்குள் போய் உலை மூடிமேல் படிகிறது. இந்த ஊருக்குக் காற்று என்றால் தூசிதான்.

உச்சியில் கம்பம் நின்றது. இருபத்தைந்து மீட்டர் உயரம். முக்கோணமாகப் பின்னிய ஒல்லியான இரும்பு. மூன்று பக்கமும் கம்பி இழுத்து, தரையில் அடித்த நீண்ட ஆணிகளில் கட்டியிருந்தார்கள். மேலே மூன்று சிறு கிண்ணங்கள் சுழன்றன. எத்தனை சுற்று என்பதை அடியில் உள்ள பெட்டி குறித்துக்கொள்கிறது. ஒரு முழு வருடம் அளந்த பிறகுதான் இங்கே காற்றாலை நிற்குமா என்று சொல்ல முடியும். இந்த மேட்டு மண் காற்றாலையின் அடித்தளத்தைத் தாங்காது, நின்றாலும் பக்கத்துப் பாறையில்தான் நிற்கும் என்றான் சுயம்பு. எனக்கு வீசிய காற்றே பலமாகத் தெரிந்தது. அதைச் சொன்னேன். “ஆடியில எல்லா ஊர்லயும் காத்துதாம்மா. மாசியில அடிக்கணும்” என்றான்.

அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரிகிறது. ஷாஃப்ட் ஒவ்வொன்றின் மேலும் இரும்புக் கோபுரம். உச்சியில் கேஜை இழுத்த பெரிய சக்கரம். ஒன்றுகூடச் சுழலவில்லை. சக்கரங்கள் ஓயாத ஊரிலிருந்து வந்தவள் நான். அந்த நின்றுபோன சக்கரங்களை நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

ஏழுமலை சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் கட்டி மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பத்தின் அடியிலும், ஆணிகளைச் சுற்றியும், சுயம்பு நடமாடுகிற தடத்திலும் ஊற்றினார். மதியமே ராணியம்மா இதைச் சொல்லிக் குறைப்பட்டிருந்தார். குடிதண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறதாம். “இவுரு மேட்டுக்கு அபிசேகம் பண்ணிக்கினு கீறாரு” என்றார்.

ஏன் என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

“எங்க அண்ணன் நாப்பத்தாறு வயசுல போய்ட்டாரு டீச்சரம்மா. தூசி. உள்ள ட்ரில்லு போடறதுன்னா மொதல்ல தண்ணி, அப்பறந்தான் மிசினு. அதான் சட்டம். அவுரு அவசரப்பட்டாரு. இந்த மேடும் அதே கல்லுதான், பொடி பண்ணது. தம்பி நெஞ்சுல இது ஏறக்கூடாது.”

ஒரு மாதமாக நாள் தவறாமல் ஊற்றுகிறாராம். என் பிள்ளைக்காக எந்த உறவும் இல்லாத ஒருவர் குடிநீரை ஊற்றுகிறார்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரக் குச்சி நட்டு, அதில் ஒரு சிறு ஆணி அடித்திருந்தார்கள். சுயம்பு ஏறும் முன் ஒரு பித்தளை வில்லையை அதில் மாட்ட வேண்டுமாம். ஏழுமலை அவனுக்குக் கொடுத்த தன் சொந்த டோக்கன். எண் 2216. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவரும் மேலே ஒரு பலகையில் டோக்கனை மாட்டிவிட்டுப் போவார்கள். வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஷிப்டு முடிந்தும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால், ஏழுமலை வீட்டுக்குப் போக முடியாது. சுரங்கம் மூடும்போது எல்லோரும் டோக்கனை ஒப்படைத்தார்கள். இவர் ஒப்படைக்கவில்லை. இறங்குகிறவனுக்கும் ஏறுகிறவனுக்கும் ஒரே சட்டம்தான் என்றார்.

ரயிலில் கேட்டவரின் கேள்வியைச் சுயம்புவிடம் கேட்டேன். பத்துக் காற்றாலைக்கு இரண்டு மெக்கானிக், ஒரு காவலாள் என்றான். ஏழுமலை சிரித்தார். “ஆயிரம் பேரு எறங்குன ஊர்ல ரெண்டு பேரு ஏறப் போறாங்க. போட்டி பலமா இருக்கும்.”

இறங்கும் வழியில் ஏழுமலை முன்னால் போய்விட்டார். அப்போதுதான் கேட்டேன்.

“பேப்பர் வேலைன்னு சொன்னியே மக்களே.”

“கிண்ணத்துல தூசி போய் சிக்குதும்மா. நாளைக்கும் தொடைக்கணும். வேற ஆள் இல்ல.”

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்று படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றான். இப்போதே சொல் என்றேன். கீழே இறங்கி நடந்தான். வீட்டுக்கு வந்ததும் கடிதத்தைத் தன் கருவிப் பெட்டியின் அடியில் வைத்ததைப் பார்த்தேன்.

சனிக்கிழமை, காலை 8.30. மேடு.

நானே ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். சும்மா நிற்க முடியவில்லை. ஏழுமலை வேண்டாம் என்றார், கேட்கவில்லை. மேற்குப் பக்க ஆணியைச் சுற்றி மண் காய்ந்திருந்தது போலப் பட்டது. குடத்தில் பாதியைத் தடத்திலும் மீதியை அங்கேயும் ஊற்றினேன். மண் சத்தமில்லாமல் குடித்தது. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக மண் வகைகளைப் பாடம் நடத்துகிறவள், நுண்மண்ணில் நீர் புகுந்தால் பிடிப்பு என்ன ஆகும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள், என் கையாலேயே ஊற்றினேன்.

சுயம்பு பட்டையைக் கட்டிக்கொண்டான். டோக்கனை ஏழுமலையிடம் கொடுத்தான். அவர் எண்ணைப் படித்துவிட்டு மாட்டினார். ஏறத் தொடங்கினான். வலது கையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதித்தே தூக்கினான். அது கீழே நிற்கிற யாருக்கும் தெரிந்திருக்காது. நான் மேற்கு ஆணிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மேலே பார்க்க முடியாமல் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணி சுமாருக்குக் காற்று ஏறியது. ஆணியைச் சுற்றி ஈர மண்ணில் ஒரு விளிம்பு தெரிந்தது. நகத்தைச் சுற்றிச் சதை விலகுவது போல. இன்னொரு வீச்சு வந்தது. ஆணி ஒரு விரற்கடை மேலே வந்தது. இழுத்துக் கட்டியிருந்த கம்பி தொய்ந்து மறுபடி விறைத்தது. நிமிர்ந்தேன். கம்பத்தின் உச்சி கிழக்கே சாய்ந்து திரும்பியது. அவன் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வாயைத் திறந்தேன். ஏழுமலை ஓடி வந்தார்.

“கத்தாதீங்க. கத்துனா கீழ பாப்பான்.”

சொல்லிக்கொண்டே ஆணியின் கொக்கிமேல் உட்கார்ந்து, கம்பியைத் துண்டால் சுற்றி, இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்துப் பின்னால் சாய்ந்தார். குதிகால் மண்ணில் புதைந்தது. காற்று இழுத்தபோது அவரையும் சேர்த்து இழுத்தது. முகம் கறுத்துவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை.

“நான் எழுந்தா போச்சு. நீங்க போங்க. கல்லு எடுத்துக் கம்பத்துல மூணு தட்டு தட்டுங்க. எறங்கி வான்னு அர்த்தம், அவனுக்குத் தெரியும். நிதானமா தட்டணும் டீச்சரம்மா. தெனமும் தட்டற மாதிரி. அவசரம் தெரிஞ்சா பயந்துடுவான்.”

ஆணிக்கும் கம்பத்துக்கும் பதினைந்து மீட்டர் இருக்கும். நடந்தேன். ஓடவில்லை. கல் எடுத்தேன். கல்லை இரண்டு கையாலும் பிடித்தேன். மார்ச் மாதத்திலிருந்து எந்த வேலையையும் நான் நிதானமாகச் செய்ததில்லை. பாலைக்கூடக் கொதிக்க விட்டதில்லை.

ஒன்று. மூச்சு விட்டேன். இரண்டு. மூச்சு விட்டேன். மூன்று.

மேலே எந்த அசைவும் இல்லை. மறுபடி தட்டலாமா என்று ஏழுமலையைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார். மறுபடி தட்டினால் அதுவே அவசரம். பிறகு இரும்பில் பட்டையின் கொக்கி மாறுகிற ஒலி கேட்டது. இறங்குகிறான். ஒரு படி, ஒரு கொக்கி. ஒரு படி, ஒரு கொக்கி. கம்பம் இரண்டு தடவை சாய்ந்தது. அவன் கால் என் தலைக்கு மேல் வந்தபோது எண்ணுவதை விட்டேன். தரையில் கால் வைத்தவன், “என்னம்மா நீ தட்டுன? கிண்ணம் இன்னும் முடியல” என்றான்.

மேற்கே கை காட்டினேன். அவன் ஓடிப் போய் ஏழுமலையோடு சேர்ந்து கம்பியைப் பிடித்தான்.

கயிறு போட்டு, பாறாங்கல் புரட்டி, கம்பத்தை நிலைநிறுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏழுமலையின் உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. அவர் ஈர மண்ணை விரலால் தோண்டிப் பார்த்தார். மற்ற இரண்டு ஆணிகளையும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, குச்சியிலிருந்து டோக்கனை எடுத்து என் கையில் வைத்தார்.

“இத்த நீங்களே வெச்சிக்கோங்க. எங்களுக்குக் கல்லு தெரியும். இந்த மாவு தெரியல. காப்பாத்தறேன்னு நானே புள்ளைக்குக் குழி நோண்டிகீறேன். ஆள எண்றதுக்கு நான் லாயக்கில்ல.”

நானும்தான் ஊற்றினேன் என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

சுயம்புவும் நானும் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். அவன் தண்ணீர் கேட்டான். குடத்தில் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் ஊற்றியாகிவிட்டது. பிறகு அவனாகப் பேசினான்.

“அன்னைக்குத் தொங்குனப்ப ஒனக்க பஸ்ஸப் பாத்தேம்மா. மேல இருந்து நல்லாத் தெரிஞ்சுது. நீ பாக்காமப் போயிரணும்னு வேண்டிக்கிட்டேன்.”

நான்கு மாதமாக நான் யாரிடமும் சொல்லாதது அது.

“பாத்தேன் மக்களே. நீன்னு தெரியாம பாத்துட்டுப் போயிட்டேன்.”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இப்போதும் பயம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஒவ்வொரு படியிலும் இருக்கிறது என்றான். பயம் போய்விட்டால்தான் இந்த வேலையை விட வேண்டும் என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. போனில் சொன்ன பேப்பர் வேலையைவிட இது மேல்.

சனிக்கிழமை, பிற்பகல் 2 மணி.

மூன்று பேரோடு ஏழுமலை திரும்பி வந்தார். எல்லோரும் சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுத்தவர்கள். பழைய தண்டவாளக் கட்டைகளைத் தோளில் கொண்டுவந்திருந்தார்கள். கம்பத்தைக் கயிற்றில் நிறுத்தி, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆள் உயரக் குழி வெட்டி, ஈர மண்ணை வாரி வெளியே போட்டு, கட்டையைக் கிடையாகப் புதைத்து, அதில் கம்பியைக் கட்டி, மேலே கல்லைக் கல்லோடு இறுக்கி அடுக்கினார்கள். ஒரு கல் ஆடினாலும் எடுத்துத் திருப்பி வைத்தார்கள். ராணியம்மா பழைய சேலையைக் கிழித்து எல்லோருக்கும் மூக்கில் கட்ட நனைத்துக் கொடுத்தார். “இதுக்கு ஒரு சொம்பு தண்ணி போதும். அப்பவே சொன்னேன், யாரு கேட்டாங்க” என்றார். ஏழுமலை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாலை ஐந்தரைக்குச் சுயம்பு கம்பிகளை இழுத்துக் கட்டினான். விரலால் சுண்டியபோது மூன்றும் ஒரே குரலில் ஒலித்தன.

அன்று அந்தி நேரம் ராணியம்மாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சுரங்கத்துக்குள் பாறை வெடிக்கும்போது இங்கே வீட்டில் தட்டுமுட்டெல்லாம் குலுங்குமாம். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். முதலில் பார்ப்பது ஆட்களை அல்ல, பலகையை. எந்த எண் இன்னும் தொங்குகிறது என்று. வேலைக்குப் போகாதே என்று ஏழுமலையிடம் ஒருநாளாவது சொன்னதுண்டா என்று கேட்டேன்.

“சொல்லாத நாளு எது? போறவரு போய்ட்டுதான் இருந்தாரு. மேல நின்னு எண்றவன் நல்லவனான்னு மட்டும் பாத்துப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி. மாரிக்குப்பம்.

கிளம்பும் முன் சுயம்புவின் கருவிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் இருந்த கடிதத்தை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். அவன் பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தான். கடிதம் பள்ளிக்கே திரும்பிப் போகட்டும் என்று பெட்டியை மூடினேன்.

ஏழுமலை ஸ்டேஷனுக்கு வரவில்லை. முகம் காட்ட வெட்கப்படுகிறார் என்றார் ராணியம்மா. வண்டி நகரும் முன் டோக்கனை ராணியம்மாவின் கையில் வைத்து மூடினேன்.

“ஏழுமலை அண்ணன்கிட்ட குடுங்க. புதன்கிழம இவன் ஏறணும். அவரு வாங்கி மாட்டினாத்தான் ஏறணும்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

ராணியம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டார். சுயம்பு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நகர்ந்தபோது மேடு தெரிந்தது. கம்பம் தெரிந்தது. கிண்ணங்கள் தெரியவில்லை. அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.

அங்கே காற்றாலை வருமா என்று ஊரில் கேட்பார்கள். மாசியும் பங்குனியும் கடந்த பிறகு பெட்டி சொல்லும். வந்தாலும், ஆயிரம் பேர் இறங்கிய ஊருக்கு அது வேலை தராது. விளக்கு எரிந்தால் எரியலாம். எங்கள் கணவாயில் காற்று தானாக வந்து புகுகிறது, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அங்கே தாங்களே கொட்டி உயர்த்திய மேட்டின்மேல் ஏறி, காற்று வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, காலை 8.20. முப்பந்தல்.

பள்ளிக்குப் போகும் அதே பஸ். இரண்டு பக்கமும் சக்கரங்கள் சுழன்றன. எப்போதும் மேலே பார்ப்பேன், எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று. அன்று அடியைப் பார்த்தேன். ஒரு கோபுரத்தின் சிறு கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஏறியவன் விட்டுப் போன டோக்கன் போல. அருகில் யாரும் இல்லை. மேலே இறக்கைகள் நிறுத்தப்பட்டிருந்தன.

ஸ்டாப்பில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டேன். டீச்சர், பணகுடி இன்னும் வரல என்று கண்டக்டர் கூப்பிட்டார். தெரியும் என்றேன். புடைத்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஓர் இளைஞன் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டான். யாரோ ஒரு அம்மா தன்னையே பார்த்து நிற்பதைக் கண்டு, என்ன வேண்டும் என்று சைகையால் கேட்டான். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். அடுத்த பஸ் வந்தது. ஏறினேன். அன்றைய முதலாவது பீரியடுக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை.